தலைநகரின் உயரங்கள்

தில்லி மாநகரில் மிக உயர்ந்த கட்டடம் எதுவென்று நம் இல்லத்துச் சிறார் வினவுங்கால், குதுப் மினார் என்று தயக்கமின்றி விடையிறுத்து விடுகிறோம். உயரங்களை முறையாகப் பட்டியலிட முனைவோர்க்கு அவ்விடை போதாது.

குதுப்புதீன் ஐபக் தொடங்கிய அக்கோபுரத்தின் மேல் இல்துத்மிஷ் மூன்று நிலைகளை எழுப்பினார். 1369 இல் மின்னல் தாக்கிச் சிதைந்த உச்சி நிலைக்கு ஈடாகப் பிரோஸ் ஷா துக்ளக் இரண்டு நிலைகளை அமைத்தார். 1803 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் முடி வீழ்ந்தது. 1828 இல் ராபர்ட் ஸ்மித் என்னும் பொறியாளர் புதியதொரு மண்டபத்தை உச்சியில் நிறுவினார். 1848 இல் ஹார்டிஞ்சு பிரபு அதனை இறக்கச் செய்தார். இன்று நாம் காணும் உயரம் 72.5 மீட்டர். ஆண்டைக் குறியாது அளவை மட்டும் எழுதின், அது பிழைபட்ட பதிவேயாம்.

பீதம்புராத் தொலைக்காட்சிக் கோபுரமோ 235 மீட்டர் உயர்ந்தது. ஆயினும், உயரத்தில் பாதியளவேனும் மக்கள் புழங்கும் தளங்கள் இருந்தாலன்றி ஒன்றனைக் கட்டடமெனக் கொள்ளலாகாது என்பது உலகோர் ஏற்ற வரையறை. உச்சியில் நட்ட அலைக்கம்பமும் கணக்கிற் சேராது. ஆகவே இவ்விரண்டும் கோபுரப் பட்டியலுக்கே உரியன. 2010 இல் திறக்கப்பெற்ற 28 மாடி நகராட்சி மையம் போன்றவையே கட்டடப் பட்டியலுக்கு உரியன.

எங்கிருந்து எதுவரை அளந்தனர், எந்த ஆண்டில் அளந்தனர் என்பவற்றை அறிந்த பின்னரே எழுதுதல் நம் கடன். அடுத்த முறை குதுப் மினாருக்குச் செல்லுங்கால், புல்வெளியில் நிற்கும் ஸ்மித்தின் மண்டபத்தையும் நம் சிறார்க்குக் காட்டுவோமாக.