திண்டிவனம் வழி

1896 ஆகஸ்டு கடைசியில், வீட்டில் சொல்லாமல் மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திண்டிவனத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தான். அவன் பார்த்த பழைய வரைபடத்தில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் அதுதான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் ஓடுகிறது என்பதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித் தெரிந்துகொண்டான். பின்னாளில் ரமண மகரிஷியான அவருடைய ஆசிரமத்தைத் தேடிச் சென்னையிலிருந்து திருவண்ணாமலையின் செங்கம் சாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இன்றும் திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்திலோ காரிலோதான் வருகிறார்கள். அந்த வழியில் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை போட 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த தேர்தல்கள் எல்லாவற்றையும் அந்தப் பாதை பார்த்துவிட்டது, ரயிலைத்தான் பார்க்கவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் எந்தக் கட்சிக்காரரிடமும் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: அந்த அரசு விடவில்லை. டெல்லியில் இருப்பவர்கள் சென்னையைக் காட்டுவார்கள், சென்னையில் இருப்பவர்கள் டெல்லியைக் காட்டுவார்கள். இந்தப் பாதையின் வரலாறு இந்தப் பதிலைப் பொய்யாக்குகிறது. அனுமதி கிடைத்தபோது மத்தியில் காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி ஆட்சி. அதில் திமுகவும் பாமகவும் பங்காளிகள். ரயில்வே இணையமைச்சர் பாமகவின் ஆர்.வேலு, அரக்கோணத்தின் எம்.பி. 2006 மே மாதம் மாநிலத்திலும் திமுக ஆட்சி வந்தது. இதைவிட வாகான கிரகச் சேர்க்கையை எந்த ஜோசியரும் குறித்துத் தர முடியாது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் வேலை நகர்ந்தது மிகக் கொஞ்சம். பிறகு அதிமுக வந்தது. மத்தியில் 2014இல் பாஜக வந்தது. 2019இல் இரண்டும் ஒரே மேடையில் நின்று ஓட்டுக் கேட்டன. 2021இல் மறுபடியும் திமுக. மத்தியும் மாநிலமும் நட்பாக இருந்தும் பார்த்தாயிற்று, பகையாக இருந்தும் பார்த்தாயிற்று. திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியும் 2009இல் திமுக, 2014இல் அதிமுக, மறுபடி திமுக என்று ஆளை மாற்றிப் பார்த்தது.

செய்யாததைவிட, கைவிட்டதைச் சொல்லாததுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. 2020-21 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் பல புதிய பாதைகளைப் போலவே இதற்கும் ஒதுக்கியது வெறும் 1,000 ரூபாய். அந்தப் பணத்தில் சர்வேக்காரருக்கு ஒரு நாள் கூலி தேறுமா என்பதே சந்தேகம். ஆனால் புத்தகத்தில் பெயர் இருக்கும். திட்டம் ரத்து என்று யாரும் வாய்திறக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் பக்கமும் கணக்கு அழகாக இல்லை. தேவையான 273 ஹெக்டேரில் கைக்கு வந்தது 33 ஹெக்டேர்தான் என்று ரயில்வே அமைச்சகம் சொல்கிறது. பணம் வராமல் நிலம் எடுப்பது எப்படி என்று மாநிலம் கேட்கிறது. இரண்டும் பாதி உண்மை. மேடைக்குப் பாதி போதும்.

நிலம் எடுப்பது லேசான காரியமா என்று கேட்கலாம். இல்லைதான், செஞ்சிப் பக்கத்து விவசாயி தன் கிணற்றையும் வயலையும் சும்மா கொடுத்துவிட மாட்டார், 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இழப்பீடும் கூடிவிட்டது. ஆனால் இந்தச் சிரமம், பாதையைக் கொண்டுவருவோம் என்று வாக்குக் கேட்கும்போதே தெரிந்த சிரமம். வாக்குறுதி என்பது விருப்பம்தானே, ஒப்பந்தமா என்பது இன்னொரு வாதம். இலவசப் பொருள் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அதே தீர்ப்பு கேட்டுக்கொண்டபடி தேர்தல் ஆணையம் 2014இல் வகுத்த நெறிமுறையோ, வாக்குறுதிக்குப் பணம் எப்படி வரும் என்பதைப் பொதுவாகவாவது சொல்லச் சொல்கிறது. இந்தப் பாதைக்கு அப்படி யார் கணக்குச் சொன்னார்கள்?

இதற்கிடையே ஒரு சின்ன வேலை நடந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிய வண்டியை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். காட்பாடியைச் சுற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் வருகிறது. அதற்கு ஒரு சென்ட் நிலமும் எடுக்கவில்லை. 2010இலேயே அகலப்பாதையாகிவிட்ட தடம் அது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் எந்தக் கட்சியும் செய்ய வைத்திருக்கக்கூடிய காரியம். என்ன, அடிக்கல் நாட்ட அதில் இடமில்லை.