கதவு திறந்தபோது காலியான சபைகள்

சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு கஜகஸ்தானில் கிறிஸ்தவ மிஷனுக்கு என்ன தேவைன்னு கேட்டால், 1990களில் வெளிநாட்டு சபைகளிடம் பதில் ரெடியாக இருந்தது: பைபிள், பணம், பிரசங்கம் செய்ய ஆள். அந்தப் பதில் போதாதுன்னு எனக்குத் தோணுது. காரணம் ஒரு கணக்கு.

1989 சென்சஸில் கஜகஸ்தானில் இருந்த ஜெர்மானியர் சுமார் 9,57,000 பேர். 1999ல் சுமார் 3,53,000. பத்தே வருஷம்!

அங்கே ஜெர்மானியருக்கு என்ன வேலை? 1763ல் ரஷ்ய மகாராணி கேத்தரின் வெளிநாட்டு விவசாயிகளைக் கூப்பிட்டார். நிறைய ஜெர்மானியர் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறினார்கள். ஹிட்லர் படையெடுத்ததும், 1941 ஆகஸ்ட் 28 ஆணைப்படி அவர்களை மொத்தமாக சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார் ஸ்டாலின். லுத்தரன், கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், மென்னோனைட் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

போன இடத்தில் சர்ச் கிடையாது, போதகர் கிடையாது. சபையை நடத்தியது பெரும்பாலும் பாட்டிமார்கள். திரையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குள் ஜெபம், கையால் எழுதின பாட்டுப் புத்தகம், எல்லாமே ஜெர்மன் மொழியில். அவர்களுக்கு விசுவாசமும் தாய்மொழியும் ஒண்ணாகவே ஆயிடுச்சு.

இங்கே ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வ்லாதிஸ்லாவ் புகோவின்ஸ்கி, போலந்து நாட்டு கத்தோலிக்க குரு. சிறையிலும் முகாமிலும் பல வருஷம் கிடந்தபின், 1954ல் நிலக்கரி நகரமான கரகண்டாவுக்கு அனுப்பப்பட்டார். கட்டுமான இடத்தில் நைட் வாட்ச்மேன் வேலை. மிச்ச நேரத்தில் ஜெர்மானியர், போலந்துக்காரர் வீடுகளில் ரகசியமாகத் திருப்பலி. 1955ல் போலந்துக்குத் திரும்பிப் போக வாய்ப்பு வந்தது. மாட்டேன்னுட்டு சோவியத் குடியுரிமை வாங்கினார்! திரும்பவும் கைதாகி, திரும்பவும் கரகண்டாவுக்கே வந்து, 1974ல் அங்கேயே இறந்தார். 2016ல் அதே ஊரில் அவருக்கு முக்திபேறு பட்டம் கொடுத்தார்கள்.

இப்போ 1991க்கு வருவோம். அமெரிக்கா, கொரியா, ஜெர்மனியிலிருந்து மிஷனரிகள் உள்ளே வந்தார்கள். அதே நேரத்தில், ஐம்பது வருஷம் ஜெபத்தைக் காப்பாற்றினவங்க ஜெர்மனி விசாவுக்கு மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரை நூற்றாண்டு துரோகியாகப் பார்க்கப்பட்டவர்கள், பிள்ளைகளுக்கு ஒரு நாடு கிடைத்தால் போகத்தானே செய்வார்கள்? ஆனால் பல ஊர்களில் சபை மூத்தவர், பாட்டு சொல்லிக் கொடுத்தவர்னு ஒரு தலைமுறையே கிளம்பிடுச்சு. மிச்சம் இருந்தவர்களுக்காக ஆராதனை ரஷ்ய மொழிக்கு மாறியது.

சிக்கலும் அங்கேதான். நாட்டின் பெரும்பான்மை கஜாக் மக்கள். பலருக்கு இஸ்லாம் என்பது மதம் மட்டும் இல்லை, பாட்டன் பூட்டன் வழி அடையாளம். கிறிஸ்தவம் "ரஷ்யர்களோட சாமி". ஒரு கஜாக் இளைஞர் ஞானஸ்நானம் எடுத்தால் குடும்பத்தோடு உறவே அறுந்துபோகலாம். அவருக்கு வெளிநாட்டுப் பணத்தால் என்ன பண்ண முடியும்? கஜாக் மொழியில் அவரோடு ஜெபிக்க, வீட்டில் சேர்க்காத நாளில் சாப்பாடு போட, பக்கத்திலேயே குடியிருக்கும் ஆள் வேணும்.

சட்டமும் லேசில் விடவில்லை. 2011 சட்டப்படி உள்ளூர் சபை பதிவு செய்ய 50 பேர் வேண்டும். மறுபதிவு முடிந்தபோது, அங்கீகாரம் பெற்ற மதப் பிரிவுகள் 46லிருந்து 17 ஆகக் குறைந்தன. ஆட்கள் போய்விட்ட கிராமத்தில் 50 பேருக்கு எங்கே போவது? பதிவில்லாமல் கூடினால் அபராதம். சோவியத் காலத்திலேயே பதிவை மறுத்த பாப்டிஸ்ட் பிரிவினர் இப்பவும் மறுக்கிறார்கள், அபராதமும் வருகிறது.

வெளிநாட்டு மிஷனரிக்கும் பதிவு உண்டு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.