தோட்டத்துத் திடலும் நாட்டின் பந்தும்

ஒரு நாட்டின் வரலாற்றைச் சட்டமன்ற ஏடுகளில் தேடுவோர் பலர். விளையாட்டுத் திடலில் தேடுவோர் சிலரே. பேராக் மாநிலத் தமிழரின் வரலாறோ திடலிலும் எழுதப்பட்டதாகும்.

மலாயாக் கிண்ணம் 1921ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை அளித்தவர்கள் ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள். அக்கப்பலோ, பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டது. ஈயமும் இரப்பருமே அம்மாநிலங்களின் பெருஞ்செல்வம். ஆகவே, அக்கிண்ணத்தில் பால்மரம் வெட்டியோரின் வியர்வையும் கலந்திருந்தது எனலாம்.

ஈப்போ நகரத் திடலில் ஆடப்பெற்ற பந்து, தோட்டங்களையும் எட்டியது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்த தொழிலாளிக்கு மாலைப்பொழுது சொந்தமாயிற்று. கோவிலும் பள்ளியும் லயங்களும் சூழ்ந்த திடலில் இருபத்திருவர்க்கு ஒரு பந்து போதுமானதாக இருந்தது. கிராணி மகனும் வெட்டுக்காரர் மகனும் அங்கே ஓரணியாயினர்.

1948ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நெருக்கடிநிலை பிறந்தது. குடியிருப்புகளை முள்வேலி சூழ்ந்தது. ஆயினும் பந்தாட்டம் மடியவில்லை. 1951 முதல் காற்பந்துச் சங்கத் தலைவராய் விளங்கிய துங்கு அப்துல் ரகுமான், 1957இல் நாட்டின் முதற் பிரதமரானார். அவ்வாண்டே மெர்டேக்காப் போட்டியும் தோன்றியது. விடுதலை பெற்ற அதே ஆண்டில் மலாயாக் கிண்ணத்தைப் பேராக் வென்றது. அது மலேசியக் கிண்ணமெனப் பெயர் மாறிய 1967இலும் பேராக்கே வாகை சூடியது.

ஈண்டு ஒரு முரணைக் காண வேண்டும். 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. நெடுங்காலம் உழைத்த தோட்டத் தமிழர் பலர் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். மூன்றே ஆண்டுகளில், 1972இல், மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இடம்பெற்றார். 1980இல் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அவருக்குத் தோழர்கள். அரசு அவ்விழாவைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. எனினும் பல இனத்தார் ஓரணியாய் நின்ற காட்சியை நாடு மறக்கவில்லை. தாளில் கிடைக்காத உரிமை திடலில் கிடைத்தது. ஆனால், ஒரு சிலர்க்கே கிடைத்தது.

அத்திடல்களும் நிலைக்கவில்லை. தோட்டத் துண்டாடலைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி நிலம் வாங்கச் செய்தார். அம்முயற்சிக்கு எட்டாத தோட்டங்கள் பலவாகும். பின்னர்ப் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் எழுந்தன. தொழிலாளர் நகர்ப்புறம் நோக்கிச் சிதறினர். வீடிழந்தோரைப் பற்றிப் பேசினர். திடலிழந்த சிறுவரைப் பற்றிப் பேசியோர் அரியர்.

2018இல் பேராக் மீண்டும் மலேசியக் கிண்ணத்தை ஏந்தியது. அவ்வெற்றிகளின் பட்டியல் ஏடுகளில் உண்டு. தோட்டத்து அணிகளின் பெயர்களோ முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. தமிழாசிரியரும் மாணவரும் அம்முதியோரை அணுகி, ஆடியவர் பெயரையும் திடல் இருந்த இடத்தையும் எழுதி வைப்பாராக. எழுதாத வரலாறு, வெட்டிய மரம்போல் வேரின்றிப் போகும்.