அவர் சைக்கிள் கடைக்கு ஓர் அஞ்சலி

மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்ட கடை தமிழ்நாட்டுத் தெருக்களை விட்டுப் போய்விட்டது. சைக்கிள் இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் கடைகூட அங்கங்கே மிச்சமிருக்கிறது. ஆனால் அரைப்பரீட்சை லீவிலும் முழுப்பரீட்சை லீவிலும் சில்லறையைக் கையில் இறுக்கிக்கொண்டு வந்து நின்ற பத்து வயதுப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்து, நோட்டில் பெயர் எழுதி, ஒரு வண்டியைத் தள்ளிக் கொடுத்த கடை இனி இல்லை. ‘அவர் (hour) சைக்கிள் கடை’ என்றுதான் பல ஊர்களில் அதைச் சொன்னார்கள்.

தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த மண்தரை, டியூப்பை முக்கிப் பார்க்க ஒரு பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன், சுவரில் ஒரு கடிகாரம். வாசலில் வண்டிகள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொன்றின் மட்கார்டிலும் பெயிண்டில் ஒரு நம்பர். பெரிய வண்டிகள் பெரியவர்களுக்கு. ஓரத்தில் நிற்கும் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டிதான் பிள்ளைகளின் சொத்து. அவற்றுக்கு பெல் இருந்தால் பிரேக் இருக்காது. இரண்டும் இருக்கிற வண்டிக்குத்தான் காலையில் போட்டி.

வாடகை 25 காசு, 50 காசு, பிறகு ஒரு ரூபாய் என்று ஊருக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறியது. முன்பணம் யாரும் கேட்டதில்லை. ஆள் தெரிந்திருந்தால் போதும். வண்டி நம்பர், பெயர், அப்பா பெயர், தெரு, எடுத்த நேரம் இவ்வளவும் நோட்டில் ஏறும். வெளியூரிலிருந்து பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளையாக இருந்தால், உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் முன்னால் வந்து, “நம்ம பையன்தாண்ணே, நான் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையனின் ஜாமீனைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொண்ட இடம், எனக்குத் தெரிந்து ஊரில் அது ஒன்றுதான்.

வாடகைக்கு எடுப்பது ஒரு மணி நேரம். ஆனால் லீவு நாள் முழுவதும் அதில் கரைந்துவிடும். கடைக்குப் போய் வந்தபோது மிஞ்சிய காசு, மாமா ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணித்த காசு, பழைய நோட்டுகளை எடைக்குப் போட்ட காசு என்று சேர்ப்பதில் பாதிக் காலை போகும். சின்ன வண்டி ஏற்கெனவே வெளியே போயிருந்தால் அது திரும்பும்வரை கடை வாசலிலேயே காத்திருப்பு. அந்த நேரத்தில் பஞ்சர் எப்படி ஒட்டுவது, சக்கரத்துக்குக் கோட்டம் எப்படி எடுப்பது என்பதெல்லாம் கண்ணாலேயே படித்தாகிவிடும். மூன்று பேர் காசு போட்டு எடுத்த வண்டியானால் ஆளுக்கு இத்தனை ரவுண்டு என்று கணக்கு. முறை வராதவர்கள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். யாரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. எதிரில் வரும் பெரியவர்களை எல்லாம் நிறுத்தி மணி கேட்க வேண்டும். நகராட்சிச் சங்கு ஊதும் ஊர்களில் அந்தச் சத்தம் கேட்டதும் வண்டி கடையை நோக்கிப் பறக்கும்.

சின்ன வண்டி கிடைக்காத நாளில் பெரிய வண்டியில் குரங்கு பெடல். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் வலது காலை நுழைத்து அந்தப் பக்கப் பெடலை மிதிக்க வேண்டும். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பாரையோ சீட்டையோ கட்டிக்கொண்டிருக்கும். உடம்பு ஒரு பக்கம் தொங்க, வண்டி எதிர்ப்பக்கம் சாயும். முதலில் பெடல் பாதிச் சுற்றுதான் போகும், திரும்ப வரும். அந்த அரைப் பெடல் ஒரு நாள் முழுச் சுற்றாக மாறும்போது, பிடித்துக்கொண்டு ஓடியவன் எப்போதோ கையை விட்டிருப்பான். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை அடிப்படையாக வைத்து கமலக்கண்ணன் இயக்கி 2024-ல் வந்த ‘குரங்கு பெடல்’ படம் இந்த லீவு நாட்களைப் பற்றியதுதான். அதைப் பார்த்த நடுத்தர வயதுக்காரர்கள் தங்கள் முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்திருப்பார்கள்.

விழுந்தால் முதலில் பார்ப்பது முழங்காலை அல்ல, வண்டியை. ஹேண்டில்பார் திரும்பியிருந்தால் முன்சக்கரத்தை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முறுக்கி நேராக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பி போயிருந்தால் அதற்குத் தண்டம் கட்ட வேண்டும், தாமதத்துக்கு அடுத்த அரை மணி வாடகை. வீட்டுக்குத் தெரியாமல் இந்தக் கடனைத் தவணையில் அடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். கொடுக்கல் வாங்கல், சொன்ன சொல், கைமாறும் பொருளின் மேல் கவனம் எல்லாம் அங்கே கிடைத்தன. பெற்றோர் ஏற்பாடு செய்து தராத ஒன்றில், தன் பெயரில், தன் பொறுப்பில் ஒரு மணி நேரம். இதற்கு ஈடாக இன்றைய எந்த லீவு வகுப்பையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டில் பெண் பிள்ளைகளின் பெயர் குறைவு. அண்ணன் எடுத்த வண்டியில் கெஞ்சி ஒரு ரவுண்டு போனவர்கள்தான் அதிகம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது அவர்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிறுமியாக இருந்தபோது கிடைக்காத லீவு நாள் பலருக்கு அப்போதுதான் கிடைத்தது.

கடை செத்ததற்குப் பிள்ளைகள் காரணமல்ல. அதற்குச் சோறு போட்டவர்கள் பெரியவர்கள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் நாள் வாடகைக்கு வண்டி எடுத்தவர்கள் அவர்கள். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது, பிறகு தவணையில் பைக், கிராமங்களுக்கு மினி பஸ். நாள் வாடகைக்காரர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார். லீவுக்கு லீவு வரும் சில்லறையை மட்டும் வைத்துக் கடை நடத்த முடியாது. 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விலையில்லா சைக்கிள் கிடைத்தது. அது மிக நல்ல காரியம், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு வண்டி வந்தது, வாடகைக்குத் தேவை போனது. தெருவில் கார்கள் நிறைந்தன. கடைசியில் அந்த 25 காசு நாணயமே 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயிற்று.

சென்னையில் 2019-ல் செயலி வழியே வாடகை சைக்கிள் வந்தது. செல்போனும் கணக்கும் வைத்திருந்த பெரியவர்களுக்காக வந்தது அது, அரை வண்டிக்கு அதில் இடமிருக்கவில்லை.

இன்று லீவு விட்டால் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று வீடே கவலைப்படுகிறது. நீச்சல், சதுரங்கம், அபாகஸ் என்று பணம் கட்டுகிறோம், மிச்ச நேரத்துக்கு போனைக் கொடுக்கிறோம். பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிளோ அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் காற்றில்லாமல் நிற்கிறது. அவனுக்கு வண்டி இருக்கிறது, கூட ஓடி வர ஆள் இல்லை.

உங்கள் வீட்டில் பிள்ளை வளர்ந்து சிறிதாகிப்போன சைக்கிள் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உங்கள் பகுதியில் பஞ்சர் கடை வைத்திருப்பவரிடம் கொடுத்து, லீவு நாட்களில் பிள்ளைகளுக்கு மணி வாடகைக்கு விடுவாரா என்று கேளுங்கள். பக்கத்துப் பள்ளியின் மைதானத்தை விடுமுறையில் காலை இரண்டு மணி நேரம் திறந்துவிடும்படி தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தெருவில் ஓட்ட முடியாத பிள்ளைகளுக்கு அது போதும். முழுப்பரீட்சை முடிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.