மாமல்லையின் கரையைத் தின்றது எது?

மாமல்லபுரத்துக் கடலுக்குள் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்ற பேச்சுக்கு வயது இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். 1770களில் இங்கு வந்துபோன வில்லியம் சேம்பர்ஸ், செம்புத் தகடு வேய்ந்த கோயில் உச்சிகள் காலை வெயிலில் கடலுக்குள் மின்னியதைப் பார்த்ததாக ஊரின் முதியவர்கள் சொன்னதை 1788இல் அச்சேற்றினார். அந்தப் பேச்சோடு இப்போது புதிய காரணங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துருவப் பனி உருகிக் கடல் ஏறியது என்பார்கள். பூமியின் காந்தத் துருவம் நகர்ந்து கடல் புரண்டது என்பார்கள். பல்லவர் காலத்துக் கரையைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தவில்லை. ஆனால் காந்தத்தைத் தள்ளுவதுபோலப் பனியையும் தள்ளிவிட முடியாது. இதுவரை இந்தக் கரையைக் கடல் கொண்டதில் பனிக்குப் பங்கு மிகக் குறைவு. இனி அது சேரப்போவது ஏற்கெனவே அரிபட்டுக் கிடக்கும் கரையில்.

கடற்கரைக் கோயிலே முதல் சாட்சி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய இந்தக் கோயிலில், இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். அவர் வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து வைத்த சிலை அல்ல. அங்கேயே கிடந்த பாறையில் வடித்த உருவம். உப்புக்காற்று உடலைத் தேய்த்திருக்கிறது. பாறையோ இன்றும் அலைக்கு மேலேதான் இருக்கிறது. 1300 ஆண்டுகளில் கடல்மட்டம் பல மீட்டர் ஏறியிருந்தால் பெருமாள் உண்மையிலேயே பாற்கடலில் கிடந்திருப்பார். பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரும் ஏற்றம் பல்லவர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அடங்கிவிட்டது.

அப்படியானால் 2002இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்களோடு சேர்ந்து கண்ட சுவர்களும் செதுக்கிய கற்களும் எப்படிக் கடலுக்குள் போயின? அவை கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. அவற்றின் காலம் ஐயமறத் தெளிவாகவில்லை; பல்லவர் காலமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கரை ஆண்டுக்குச் சராசரியாக 55 செ.மீ. அரிபடுகிறது என்றும் அவர்கள் கணித்தார்கள். அந்த வேகத்தை 1300 ஆண்டுகளுக்குப் பெருக்கினால் 715 மீட்டர் வருகிறது. அரிப்பு எல்லா நூற்றாண்டிலும் ஒரே வேகத்தில் நடக்காது என்பதால் இந்தப் பொருத்தத்தை நான் நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. நீர் மேலே ஏறவில்லை. அலை மணலை வாரிக்கொண்டு போக, அடித்தளம் இழந்த கற்கள் கீழே இறங்கின. பெருஞ்சேதம் ஒரே நாளிலும் நேரலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தடம்பிடித்துத் தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் முருகன் கோயிலும் அதன் அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கோயிலும் மணலுக்குள் இருந்து வந்தன. கடல் சீறி வந்து இடித்த தடயங்களை அகழ்ந்தவர்கள் அங்கே கண்டார்கள்.

காந்தத்துக்கு வருவோம். சூளையில் வெந்து ஆறும் செங்கல், அந்தக் கணத்துப் பூமிக் காந்தப்புலத்தைத் தன் இரும்புத் துகள்களில் பதித்துக்கொள்ளும். உலகெங்கும் இத்தகைய சுட்ட மண்ணைச் சோதித்ததில், சில நூற்றாண்டுகளிலேயே காந்தப்புலம் திசையும் வலிமையும் மாறிவந்திருப்பது தெரிகிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்ட வட காந்தத் துருவம் இன்று சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பூமியின் உள்ளே உருகிய இரும்பின் ஓட்டம் மாறுவதால் வரும் நகர்வு இது. இவ்வளவு தூரம் துருவம் போயும் கடல் அதோடு போகவில்லை. காந்தப்புலத்துக்குக் கடல்நீரைப் பெயர்க்கும் பலம் கிடையாது. பூமி சுழலும் அச்சின் துருவம் வேறு. பனி உருகினாலும் நிலத்தடி நீரை இறைத்தாலும் எடை இடம்பெயர்ந்து அது நகர்கிறது. 1993 முதல் 2010 வரை உலகம் இறைத்த நிலத்தடி நீர் மட்டுமே அதைச் சுமார் 80 செ.மீ. நகர்த்தியதாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கும் நீர் இடம் மாறுவது காரணம், அச்சின் நகர்வு அதன் விளைவு.

கரை எப்போதும் அரிபட்டுத்தான் வந்திருக்கிறது, இப்போது மட்டும் என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளில் உலகக் கடல்மட்டம் சில அங்குலங்களுக்குள்ளேயே ஏறி இறங்கியது. 1901க்குப் பிறகு 2018 வரை மட்டும் 20 செ.மீ. ஏறிவிட்டது. நீர் சூடேறி விரிவதும் மலைப்பனியும் கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியும் உருகுவதும் இதற்குக் காரணம். பனி எங்கோ துருவத்தில்தானே என்பதும் சரியல்ல. பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் அருகிலுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. அது கரையும்போது அந்தப் பிடி தளர்ந்து, தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சராசரியைவிட அதிகமாக நீர் ஏறுகிறது. சென்னையின் பழைய அளவுமானி நெடுங்காலம் குறைவான ஏற்றத்தையே காட்டியது என்பது மெய். ஆனால் அது ஒரே இடத்தின் கணக்கு. நிலம் ஏறுவதும் இறங்குவதும் அதில் கலந்திருக்கும். 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளப்பதில் வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் உயர்கிறது.

கல் கொட்டினால் போதாதா என்றால், கடற்கரைக் கோயிலை அப்படித்தான் காத்துவருகிறோம். அது காக்கத் தகுந்ததே. ஆனால் நம் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடத்தில் மணல் சேரும், அதன் வடக்கே கரை அரிபடும். சென்னைத் துறைமுகம் வந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும் இதனால்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில் சேரும் பாலாறு, முன்பு இந்தக் கரைக்கு மணல் கொடுத்த ஆறு. அதன் படுகையில் அள்ளிய ஒவ்வொரு லாரி மணலும் இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டியதில் ஒரு பங்கு. ஏறும் நீரை இங்கிருந்து யாராலும் நிறுத்த முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் மணல் அள்ளுவதை நிறுத்தும் அதிகாரமோ அதன் ஆட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறது.