ஒற்றைக்கால் கட்டில்

பஞ்ச பாண்டவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதா? கட்டில் கால்போல மூன்று பேர்" என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, பலகையில் ஒன்று என்று எழுதினானாம் ஒருவன். சிறு வயதில் நாமெல்லோரும் கேட்டுச் சிரித்த கதைதான். ஆனால் அந்த ஆசாமி கடைசியாக எழுதினானே, அந்த எண்ணிக்கையில் கால் கொண்ட கட்டில் உலகத்தில் உண்மையாகவே இருந்திருக்கிறது. ஒரே ஒரு கால். அதில் படுத்துறங்கிய ஒரு குடும்பத்திலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு ஒரு ஜனாதிபதியும் கிடைத்தார்.

ஆபிரகாம் லிங்கனின் தகப்பனார் தாமஸ் லிங்கன், 1816-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மனைவி நான்ஸியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கெண்டக்கியிலிருந்து ஒஹையோ நதியைக் கடந்து இந்தியானா காட்டுக்குள் போனார். மூத்தது பெண், பையன் ஆபிரகாமுக்கு அப்போது ஏழு வயது. அங்கே அடிமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய ஒற்றை அறைதான் வீடு. தரை மண் தரை. அந்த அறையின் ஒரு மூலையில் இருந்த கட்டிலைப் பற்றி, லிங்கனின் வக்கீல் கூட்டாளியாக இருந்த ஹெர்ண்டன் 1889-இல் வெளியிட்ட சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சரித்திரப் புத்தகங்களில் யுத்தங்களைத் தள்ளிவிட்டு இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் படிப்பது என் வழக்கம். ஒரு வீட்டின் கட்டிலைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளலாம் என்பது கதை எழுதுகிறவனின் நம்பிக்கை.

அந்தக் கட்டிலைச் செய்கிற விதம் இதுதான். காட்டில் போய் ஒரு நல்ல கவைக்கொம்பை வெட்டி வரவேண்டும். அறை மூலையிலிருந்து கட்டிலின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, வெளிமுனை எங்கே வருகிறதோ அங்கே கவை மேலே இருக்கும்படி கொம்பை மண் தரையில் ஆழமாக நட்டுவிட வேண்டும். அதுதான் கால். பிறகு இரண்டு கழிகள். ஒன்று நீளமானது, ஒன்று குட்டையானது. இரண்டுக்கும் ஒரு முனை கவையில் உட்காரும். மறுமுனைகள் இரண்டு சுவர்களில் மரங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் செருகப்படும். இடுக்கு வாய்க்காத இடத்தில் துரப்பணத்தால் ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மிச்சம் இரண்டு பக்கங்களையும் சுவர்களே தாங்கிக்கொள்ளும். இதன்மேல் பிளந்த பலகைகளை வரிசையாகப் பரப்பி, பலகைமேல் சருகைப் பரப்பி, சருகின்மேல் மிருகத் தோலையும் பழந்துணிகளையும் போட்டால் படுக்கை தயார். ஆணி ஒன்றுகூட வேண்டாம். இழைப்புளிக்கு வேலை இல்லை. கோடரி பிடிக்கத் தெரிந்தவன் காலையில் ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் மனைவியை அதில் படுக்கவைத்துவிடலாம்.

பையனுக்கு இந்தக் கட்டிலிலும் பங்கு இல்லை. சுவரில் அடித்திருந்த முளைகளைப் பிடித்துப் பரண்மேல் ஏறி, அங்கே சருகுப் படுக்கையில் அவன் படுத்துக்கொள்வான்.

இதில் விசேஷம் என்னவென்றால், இந்தக் கட்டிலைச் செய்தவர் ஒரு தச்சர். பொழுதுபோக்குக்காக உளி எடுத்தவர் அல்ல. கெண்டக்கியில் அதுவும் அவருக்கு ஜீவனம். வீடுகளுக்கு நிலைகளும் கதவுகளும் செய்திருக்கிறார். மூலையில் வைக்கிற முக்கோண அலமாரிகள் செய்வதில் கைதேர்ந்தவர் என்று பெயர். அவர் செய்தவை என்று கருதப்படும் அலமாரிகள் கெண்டக்கியிலும் இந்தியானாவிலும் காட்சிசாலைகளில் இருக்கின்றன. ஊராருக்கு அலமாரி செய்துகொடுத்தவர் தம் மனைவி படுப்பதற்கு ஒரு கவைக்கொம்பை நட்டுக் கொடுத்தார்! வாத்தியார் பிள்ளை மக்கு என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல.

இந்த ஒரு கட்டிலை வைத்தே தாமஸ் லிங்கனைச் சோம்பேறி என்று தீர்மானித்தவர்கள் உண்டு. ஹெர்ண்டன் காட்டுகிற தாமஸ் எதையும் ஆரம்பித்து முடிக்காதவர், கதை சொல்லிப் பொழுது கழிக்கிறவர். மகன் எவ்வளவு உயரமோ அவ்வளவு பள்ளத்தில் தகப்பனை நிறுத்தினால்தான் சரித்திரம் சுவாரசியப்படும் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்க வேண்டும். நாங்கள் கதைகளில் செய்கிற காரியம்தான், எனக்கு அடையாளம் தெரிகிறது. பிற்காலத்தில் கெண்டக்கிக் கச்சேரித் தஸ்தாவேஜுகளைப் புரட்டியவர்கள் வேறொரு மனிதரைக் கண்டார்கள். 1803-இல் 238 ஏக்கர் நிலம் வாங்கியவர், வரி கட்டியவர், ஜூரியாக உட்கார்ந்தவர். நிலத்தின் பத்திர வில்லங்கங்களில் அடுத்தடுத்து அடிபட்டுத்தான் அவர் கெண்டக்கியை விட்டது. அடிமை முறையும் ஒரு காரணம், ஆனால் முக்கியமான காரணம் பட்டா வழக்குகளே என்று மகனே 1860-இல் எழுதியிருக்கிறார்.

கட்டில் விஷயத்திலும் நான் தச்சர் பக்கம் கொஞ்சம் பேச விரும்புகிறேன். நான்கு கால் கட்டில் செய்ய உலர்ந்த மரம் வேண்டும். ஒரு அங்குலக் கனமுள்ள பலகை நன்றாகக் காய ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும் என்பது தச்சர்கள் கணக்கு. நேற்று வெட்டிய பச்சை மரத்தில் சட்டம் கடைந்து காலில் பொருத்தினால், காயக்காய மரம் சுருங்கி, பொருத்துகள் எல்லாம் கழன்று, ஆறு மாதத்தில் கட்டில் நாட்டியமாடும். கவைக்கொம்புக் கட்டிலில் சுருங்கிக் கழலுவதற்குப் பொருத்தே கிடையாது. கழி கவையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, தரை. மேடு பள்ளமான மண் தரையில் நான்கு காலும் ஒரே சமயத்தில் பதிவது அபூர்வம். நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலுக்கே ஏதாவது ஒரு காலின் கீழ் ஓட்டாஞ்சில்லைச் சொருகிக்கொண்டிருக்கிறோம். ஒற்றைக் காலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, பொழுது. அரசாங்கத்திடம் ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். (முடிவில் 80 ஏக்கருக்குத்தான் பணம் கட்டி முடிந்தது, அதற்கும் 1827 வரை பிடித்தது.) வசந்தத்துக்குள் மரத்தை வெட்டிச் சாய்த்து நிலத்தில் சோளம் ஊன்றாவிட்டால் அடுத்த குளிருக்குச் சாப்பாடு இல்லை. கோடரி கட்டிலுக்கு ஒரு நாள் வந்ததே பெரிது. இந்தத் தச்சர் செய்தது அலட்சியத்தின் வேலை அல்ல, தொழில் தெரிந்தவரின் கணக்கு என்றே நினைக்கிறேன். குடியேறிய ஏழைகள் பலர் அந்நாளில் இப்படித்தான் கட்டில் செய்துகொண்டார்கள்.

முதல் குளிர்காலத்துக்கு இந்த வாதம் போதும். இரண்டாவது, மூன்றாவது குளிர்காலத்துக்கு? அங்கேதான் என்னால் அவரை முழுக்கக் காப்பாற்ற முடியவில்லை. மரம் காய்ந்திருக்கும். கருவிகள் இருந்தன. ஆயினும் தரைக்குப் பலகை போடவில்லை. கட்டிலுக்குக் கால் முளைக்கவில்லை.

1818-இல் அந்தப் பக்கத்தில் ஒரு விநோதமான வியாதி பரவியது. காட்டில் வெள்ளைப் பூப் பூக்கிற ஒரு விஷச் செடியை மாடு மேய்ந்தால் அந்த விஷம் பாலில் இறங்கும்; குடித்தவர்கள் நடுங்கி, வாந்தியெடுத்துச் சாவார்கள். காரணம் தெரியாமல் மக்கள் அதைப் பால் நோய் என்றார்கள். நான்ஸியை வளர்த்த சித்தியும் சித்தப்பாவும் அதில் போனார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி நான்ஸியும் போனாள். மூன்று பேருக்கும் சவப்பெட்டி செய்தவர் தாமஸ். அம்மாவின் பெட்டிக்கு மர முளைகளைச் சீவிக் கொடுத்தது ஒன்பது வயதுப் பையன் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டிலுக்கு ஓடாத ரம்பம் பெட்டிக்கு ஓடியது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பிணம் காத்திருக்காது. ஆனால் அந்த மூலையிலிருந்த கட்டிலையும், அதை விட்டுப் போனவளுக்காக இழைத்த பலகையையும் ஒரே கண்ணால் பார்த்த பையனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் தாமஸ் கெண்டக்கிக்குப் போய், டிசம்பர் 2-ஆம் தேதி ஸாரா புஷ் என்ற விதவையை விவாகம் செய்துகொண்டு திரும்பினார். அந்த அம்மாளோடு மூன்று குழந்தைகளும், நான்கு குதிரை பூட்டிய வண்டி நிறையச் சாமான்களும் வந்தன: இறகு மெத்தைகள், நாற்காலிகள், மேஜை, இழுப்பறைகள் வைத்த ஓர் அலமாரி. வந்தவள் முதலில் குழந்தைகளைக் குளிப்பாட்டி உடை மாற்றினாள். அப்புறம் தரைக்குப் பலகை வந்தது, கதவு வந்தது, ஜன்னல் வந்தது. செய்தவர் அதே தச்சர்தான். செய்யச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தாயற்ற குழந்தைகளைச் சிற்றன்னை என்ன பாடு படுத்துவாள் என்பதற்கு நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தச் சிற்றன்னை அந்தக் கதைகளுக்கு ஆகாதவள். படிப்பின்மேல் பையனுக்கு இருந்த பைத்தியத்துக்கு வீட்டில் இடம் கொடுத்தவள் இவள்தான். மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் மட்டும் ஏதோ ஒன்று கடைசி வரை சீர்ப்படவே இல்லை. 1851 ஜனவரியில் தகப்பனார் மரணப் படுக்கையில் இருந்தபோது, இப்போது சந்தித்தால் அதில் சந்தோஷத்தைவிட வேதனைதான் அதிகமிருக்குமோ என்னவோ என்று கடிதம் எழுதிவிட்டு மகன் வராமலே இருந்தார். பிற்பாடு தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, தகப்பனாருக்குத் தம் பெயரைத் தட்டுத் தடுமாறிக் கையெழுத்துப் போடுவதற்குமேல் எழுதத் தெரியாது என்பதையும் மறக்காமல் குறித்தார். எழுதத் தெரியாதவர் பாடு இதுதான். அவருடைய கட்சியை எழுத அவரே இல்லை. உளியால் சொன்னதையும் மற்றவர்கள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1865 ஏப்ரலில், வாஷிங்டனில் ஒரு வாடகை விடுதி அறையில், ஆறடி நான்கு அங்குல உடம்புக்கு நீளம் போதாத கட்டிலில் குறுக்காகக் கிடத்தப்பட்டு மகன் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 8-ஆம் தேதி, ஹெர்ண்டன் சரித்திரத்துக்குச் செய்தி சேகரித்துக்கொண்டு இல்லினாயில் இருந்த ஸாரா அம்மாளைப் பார்க்கப் போனார். எழுபத்தாறு வயசுக் கிழவி. வீட்டைப் பற்றிக் கேட்டார். தாம் போய் இறங்கியபோது கணவர் ஒரு நல்ல மர வீடு கட்டி வைத்திருந்தார், ஒருவிதத்தில் சௌகரியமாகவே இருந்தது என்றாள் அவள். கெண்டக்கியில் 45 டாலர் விலை போன அந்த அலமாரியைக் காட்டினாள். ஆபிரகாம் முளைகளைப் பிடித்து மேலே ஏறிப் படுத்ததைச் சொன்னாள். கட்டில்கள் பேச்சும் வந்தது. கழியும் பிளந்த பலகையுமாகச் செய்த கட்டில்கள். எங்கும் பார்த்துச் செய்யாத சொந்த சிருஷ்டி. அந்த மாதிரி இப்போது கிடையாது என்றாள்.