இரும்பை விலக்கும் காது

1

மூலக்குளத்தில் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாமல் போட்டுவைத்திருக்கும் மனை ஒன்று இருக்கிறது. முன்பு அது கழனி. போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் இரண்டு மெட்டல் டிடெக்டர்களோடு வந்து நின்றார். ஒன்று அங்கேயே வாங்கியது, மற்றது இரவல். எது நல்ல கருவி, எந்த காயில் ஆழமாகப் போகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். "வரலாறு எழுதற ஆளு நீங்க. நீங்க பக்கத்துல இருந்தா நல்லாருக்கும் தோழர்" என்றார். மனைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம்.

இரண்டு மணி நேரத்தில் கிடைத்தவை: மூன்று சோடா மூடிகள், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், 2011இல் செல்லாமல் போன இருபத்தைந்து பைசாக் காசு ஒன்று. பிறகு நண்பர் ஒரு பொத்தானை அமுக்கி "டிஸ்கிரிமினேஷன்" என்பதை எடுத்துவிட்டார். அதுவரை ஊமையாக இருந்த மண் ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்தது. "எல்லாம் இரும்பு, குப்பை" என்று சொல்லிக்கொண்டே ஒரு இடத்தில் மட்டும் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் துருவேறிய ஏர்க்கொழு ஒன்றின் நுனி வந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கித் திருப்பித்திருப்பிப் பார்த்தார். அந்தக் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். "கொழு சார் இது. இன்னா தேடறீங்க, தங்கமா? இங்க தங்கம் கெடந்திருந்தா நாங்க எதுக்கு சார் கூலிக்கு வந்தோம்?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது. கருவிகளை ஒப்பிடுவதாகத்தான் தொடங்கினோம். ஒரு கருவி எதைக் கேட்கிறது, எதைக் கேட்க மறுக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

2

முதலில் கருவி. நம்முடைய ஊர்களில் புதையல் பார்க்க மை போடுவார்கள், பூதம் காப்பதாகச் சொல்வார்கள். இதில் மந்திரம் ஒண்ணுமில்லை. தரையை ஒட்டி ஆட்டும் வட்டத்துக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுமின்சாரம் ஓடி மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை எழுப்ப, இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. போன அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையில் எவ்வளவு தாமதம் என்று அளந்து, இது வெள்ளியா, செம்பா, இரும்பா என்று கருவி ஊகிக்கிறது. ஊகிக்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன், அதற்குத் தெரியாது.

காயில்களில் பெருவழக்காக இரண்டு வகை. ஒரே மையத்தில் பெரிய வட்டமும் சின்ன வட்டமும் அமைந்தது ஒன்று. அதன் புலம் கூம்பு மாதிரி கீழே போகப்போகக் குறுகும். பொருள் சரியாக எங்கே கிடக்கிறது என்று காட்டுவதில் கெட்டிக்காரத்தனம் உண்டு, ஆனால் இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் திணறிப்போகும். 'டபுள் டி' என்பது இன்னொன்று. இரண்டு அரைவட்டங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதன் புலம் கத்தியலகு மாதிரி இறங்குவதால் ஒரு நேரத்தில் கொஞ்சம் மண்ணைத்தான் பார்க்கும், மண்ணின் இரைச்சலும் குறையும். நம்முடைய செம்மண்ணுக்கு இதுவே தோது. பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் சின்னக் காசைத் தவறவிடும், குப்பை நிறைந்த இடத்தில் குழம்பும். சின்ன காயில் ஆழம் போகாது, இரண்டு ஆணிகளுக்கு நடுவில் கிடக்கும் காசைப் பிரித்துக் காட்டும். எதைப் பூட்டினாலும் ஒற்றைக் காசு ஒரு முழத்துக்குக் கீழே போய்விட்டால் சாதாரணக் கருவிக்கு எட்டாது. வீராம்பட்டினம் மாதிரி உப்பு ஈரம் உள்ள கடற்கரையில் ஒற்றை அலைவரிசைக் கருவி ஓயாமல் பொய் சொல்லும். அங்கே பல அலைவரிசைக் கருவியோ, துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும் 'பல்ஸ் இண்டக்ஷன்' கருவியோ வேண்டும். இந்தப் பின்னது ஆழம் போகும், ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் மட்டம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளிக்காசும் செம்புக்காசும் கணீரென்று பதில் சொல்லும். சின்னத் தங்கத்துண்டு அப்படிச் சொல்லாது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மாதிரிதான் முனகும். வெள்ளித்தாளை வேண்டாம் என்று கருவியிடம் சொல்லிவிட்டால் மூக்குத்தியும் போய்விடும். குப்பையை விலக்குகிறவர் தான் தேடி வந்ததையும் சேர்த்தே விலக்குகிறார்.

3

அந்தப் பொத்தானுக்கு உலகம் முழுக்க டிஸ்கிரிமினேஷன் என்றுதான் பெயர். பாகுபாடு. இதை நான் சிலேடைக்காகச் சொல்லவில்லை. கடையிலிருந்து வரும்போதே பல கருவிகள் இரும்பை விலக்கும்படி முடுக்கப்பட்டே வருகின்றன. தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவை வரலாறு, இரும்பு குப்பை என்ற தீர்ப்பு, நாம் மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

யாருடைய வரலாறு இது? காசு அச்சடித்தவருடையது, சேர்த்து வைத்தவருடையது, ஆபத்து வந்தபோது குடத்தில் போட்டுப் புதைத்தவருடையது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தை உளியால் வெட்டியிருந்தார்கள். முகம் வெட்டப்பட்டாலும் அவை வரலாற்றுப் புத்தகத்துக்குள் போய்விட்டன. உழுதவரும் கல்லுடைத்தவரும் விட்டுப்போனது கொழு, அரிவாள், உளி, ஆணி. எல்லாம் இரும்பு.

இதே இரும்புக்குத் தமிழ்நாட்டு அரசு இன்று விழா எடுக்கிறது. சிவகளையின் ஈமத்தாழிகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தேதி பற்றிய வாதங்கள் ஒருபக்கம் இருக்கட்டும். பழம்பெருமைக்கு வேண்டியபோது இரும்பு தங்கமாகிவிடுகிறது, பெரியவரின் கையிலிருந்த கொழு மட்டும் குப்பையாகவே இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

4

மூலக்குளத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அரிக்கமேடு. புதுச்சேரிக்காரர்கள் புதையல் என்றதும் நினைப்பது அதைத்தான். இங்கே கருவியை ஓட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

அரிக்கமேட்டுக்கு உலகப்பெயர் வாங்கித் தந்தது தங்கம் அல்ல. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது அவருக்குக் காலக்கணக்கைத் தந்தது இத்தாலியின் அரெட்சோவில் செய்யப்பட்ட சிவப்புநிற மெருகுச் சட்டியின் உடைசல்கள். எந்தக் காலத்தில் அந்தச் சட்டி செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனவே, அதே மண்ணடுக்கில் அதோடு கிடந்த உருளைக்கோட்டு ஓடுகளுக்கும் ஒரு தேதி கிடைத்தது. அந்த ஓட்டைப் பிடித்துக்கொண்டு 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்குப் போய் அங்கே காலக்கணக்குப் போட்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு இதை மேலும் திருத்தியது. ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று ஆயிற்று. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு ஒரு மண்சட்டி உடைசலின்மேல் நின்றது. அரிக்கமேட்டின் இன்னொரு செல்வம் கண்ணாடி மணி. ஓடும் மணியும் மெட்டல் டிடெக்டரின் காதில் விழாது. எந்த காயிலைப் பூட்டினாலும் விழாது.

சரி, அந்த மணிகளை முதலில் பொறுக்கியது யார்? 1937வாக்கில் ழுவோ-துப்ரேய் அரிக்கமேட்டைப் பற்றி எழுதினார், அதை உண்மையான ரோமானிய நகரம் என்று ஆளுநருக்குத் தெரிவித்தார். அவர் தானாகப் பொறுக்கியது கொஞ்சம், உள்ளூர்ப் பிள்ளைகளிடம் விலைக்கு வாங்கியது கொஞ்சம். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் என்ன மின்னும், ஆற்றங்கரை எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கண்டுபிடித்தவர் பட்டியலில் அவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தில் முறையான பயிற்சியில்லாதவர்கள் தோண்டினார்கள், பொருள்களில் சில ஹனோய் வரைக்கும் போயின. அதற்குப் பெயர் ஆய்வு. அதே மேட்டில் ஊர்க்காரர் செங்கல் பெயர்த்தால் அதற்குப் பெயர் சூறை. இரண்டிலும் மண்ணடுக்கு குலைந்தது ஒன்றுதான். செங்கல் பெயர்த்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து முத்திரையர்பாளையமும் இந்தக் கதைக்குள் உண்டு. அங்கேயும் சுத்துக்கேணியிலும் இருந்த ஈமக்குழிகளை கஸால் தம்பதியர் ஆராய்ந்து 1956இல் புத்தகமாக்கினார்கள். தாழியும் ஓடும் இரும்பும் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதிலிருந்துதான் செத்தவரை அந்த ஊர் எப்படி அனுப்பிவைத்தது என்று தெரிகிறது. தங்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டால் எடைக்குத் தங்கம் மிஞ்சும், அந்த மனுஷர் போய்விடுவார்.

5

சட்டம் என்ன சொல்கிறது? புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இரட்டை அனுபவம். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 716ஆவது பிரிவு, அடுத்தவர் நிலத்தில் கிடைத்த புதையலைக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி என்று பிரிக்கிறது. ஆனால் தற்செயலாகக் கிடைத்தால்தான் அது புதையல். கருவியோடு தேடிப் போகிறவர் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? 1878இன் இந்தியப் புதையல் சட்டமோ பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. வேறு உரிமையாளர் இல்லையென்றால், உடன்படிக்கை ஏதும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொள்வதானால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். 1958ஆம் வருடச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

காகிதத்தில் கூலிக்காரருக்கு முக்கால் பங்கு. நடைமுறையில் அவர் கலெக்டர் ஆபீஸ் படியேறினால் முதலில் கேட்கப்படுவது "எங்கேடா திருடினே?" என்பதாகத்தான் இருக்கும் என்று அவர் பயப்படுகிறார். எனவே பொருள் தட்டாருக்குப் போகிறது, அல்லது தரகருக்கு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் சிக்கிய காசுகள் அப்படித்தான் வியாபாரிகள் வழியாகச் சேகரிப்பாளர்களை அடைந்தன. மாக்கோதை என்ற பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு அந்த ஆற்றில் கிடைத்ததே. சங்க காலக் காசுகளைப் பற்றிய நம் அறிவில் ஒரு பெரும்பகுதி அந்தச் சல்லடைக்காரர்களின் உழைப்பு. ஆனால் எந்த மடுவில், எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்று யாரும் அவர்களிடம் கேட்டு எழுதவில்லை. பெயர் கிடைத்தது, இடம் தொலைந்தது.

இங்கிலாந்தில் வேறு வழி பார்த்தார்கள். 1996இல் புதையல் சட்டம், 1997இல் கண்டெடுப்புகளைப் பதிவுசெய்யும் திட்டம். பொழுதுபோக்காகக் கருவி ஓட்டுகிறவர்கள் ஆணி, பித்தான் வரை கொண்டுவந்து, கிடைத்த இடத்தோடு பதிவு செய்தார்கள். பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது பதிவு. அங்கேயும் இராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் உண்டு, சொர்க்கம் ஒண்ணுமில்லை. ஆனால் கண்டெடுத்தவரைச் சாட்சியாக நடத்தினால் மண்ணின் வாக்குமூலம் கொஞ்சமாவது மிஞ்சும் என்று அது காட்டுகிறது.

6

கருவியே குற்றவாளி என்று முடித்துவிடுவது எளிது, ஆனால் அது சரியில்லை. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876இல் கஸ்டரின் படையைப் பூர்வகுடிகள் அழித்தார்கள். கடைசி ஆள் வரை நின்று வீரமரணம் என்று வெள்ளையர் அதைக் காவியமாக்கினார்கள். 1983இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து வெறுந்தரையாயிற்று. 1984இல் ஆய்வாளர்களும் தொண்டர்களும் மெட்டல் டிடெக்டரோடு வரிசையாக நடந்து, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். பூர்வகுடிகளிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் நிறைய இருந்ததும், படை ஒழுங்கு குலைந்து சிதறியதும் தெரியவந்தன. நூறு வருஷமாகப் பூர்வகுடிகள் வாய்மொழியாகச் சொல்லி யாரும் நம்பாத விஷயங்கள் பல இவற்றோடு ஒத்துப்போயின. அதே கருவிதான், ஆனால் கேட்ட கேள்வி வேறு.

இன்னும் பக்கத்தில், வன்னியிலும் முகமாலையிலும், போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் கையில் இருந்ததும் மெட்டல் டிடெக்டரே. அந்த வேலையில் டிஸ்கிரிமினேஷனுக்கு இடமில்லை. கண்ணிவெடிகள் சிலவற்றில் உலோகம் துளிதான் இருக்கும். எனவே ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டியிட்டு மண்ணை விலக்கிப் பார்த்தாக வேண்டும், ஆணியாக இருந்தாலும் சரி. அடுத்து அந்த மண்ணில் கால் வைக்கப்போகிறவருக்காக அவர்கள் எதையும் குப்பை என்று தள்ளாமல் கேட்டார்கள்.

நண்பர் கடைசியில் கேட்டார்: "அப்ப எதைத்தான் தோழர் வாங்கறது?" செம்மண்ணுக்கு டபுள் டி, நடுத்தர அளவு காயில் என்று சொன்னேன். பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் போகாதீர்கள், இரும்பை விலக்காதீர்கள், எது கிடைத்தாலும் இடத்தையும் ஆழத்தையும் எழுதிவையுங்கள், எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள் என்றும் சொன்னேன். "அப்பறம் எதுக்கு தோழர் இவ்ளோ காசு குடுத்து வாங்கணும்?" என்று சிரித்தார்.

கொழு என்னிடம் இருக்கிறது. மனையின் எந்த மூலை, எவ்வளவு ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவைத்திருக்கிறேன். பெரியவர் பெயரையும் அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.